குறை சொல்லத் தெரியாத கருவாட்டுக்காரர்

மேலேயிருந்து பஸ் இறங்கும் சத்தம் கேட்டதும் வெற்றிவேல் எக்ஸெல் வண்டியை மலை ஓரமாக ஒதுக்கிவிடுவார். இன்ஜினை அணைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முன்னால் உட்கார்ந்திருக்கும் மகளின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார். வளைவில் டிரைவர் ஹாரனை அழுத்தினால் மலையே அலறும். அந்தச் சத்தம் மகளுக்கு ஆகாது. தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள். அதனால் பஸ் போய், அதன் புகையும் கலைந்த பிறகுதான் அவர் கையை எடுப்பார். எடுத்த கையோடு, தன் இடுப்பையும் அவள் இடுப்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் துண்டின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் இது ஏழெட்டுத் தடவை நடக்கும். பின்னால் வரும் ஜீப்காரர்கள் பொறுமை இழந்து கத்தினால், "கோச்சுக்காத தம்பி, முன்னாடி பாப்பா உக்காந்துக்கினு இருக்கா" என்பார்.

வெற்றிவேலுக்கு நாற்பத்தொரு வயது. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஊர். சொந்த நிலம் கிடையாது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர், முதுகு பிடித்துக்கொண்டதால் பதினோரு வருடத்துக்கு முன்னால் கருவாட்டுக்கு மாறினார். கடலூரிலிருந்து வரும் சரக்கைச் சந்தையில் எடுத்து, வண்டியின் பின்னால் மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாள் கல்வராயன் மலை ஏறுகிறார். மலையில் வெற்றிவேல் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கருவாட்டுக்காரர் என்றால் மனிதர்களுக்கு முன்னால் பூனைகளுக்குத் தெரியும்.

ஹேண்டில்பாரில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று கட்டியிருக்கிறார். பொத்தானை அழுத்தினால் அவர் குரலே பேசும். "கருவாடே… கருவாடு! நெத்திலி, வாளை, காரப்பொடி, சென்னாக்குன்னி! கடலூரு சரக்கு, மண்ணு கலக்காத சரக்கு! வந்து பாரும்மா, மோந்து பாரும்மா, புடிச்சா வாங்கும்மா, புடிக்கலன்னா…" இந்த இடத்தில் ஓர் இருமல். "…சும்மா போம்மா!" பதிவு செய்த அன்று தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது. திரும்பப் பேசிப் பதிந்துவிடலாமே என்று மனைவி அருள்மொழி சொன்னதற்கு, "இருமலு இனாமு, இருக்கட்டும் வுடு" என்று சொல்லிவிட்டார். ஆறு வருடமாக மலை முழுக்க அந்த இருமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரக்கைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை அவர் வாயில் வராது. அது தொழில் விரதம். "கொறன்னு ஒரு வார்த்த வந்துட்டா, அப்புறம் வண்டியத் திருப்பிக்கினு வூட்டுக்குப் போயிர வேண்டியதுதான்" என்பார். நெத்திலி நொறுங்கிப் போயிருந்தால், "கொழம்புக்குன்னே ஒடச்சி வெச்சிருக்குது பாரு" என்பார். உப்பு தூக்கலாக இருந்தால், "உப்பு போடுற வேல உனக்கு மிச்சம்" என்பார். மழையில் நனைந்து கொஞ்சம் மெத்தென்று ஆகிவிட்டதா? "இளஞ்சரக்கு." கரியாலூரில் ஓர் அம்மாள், வாளையில் புழு இருப்பதாகக் கையில் எடுத்துக் காட்டினார். வெற்றிவேல் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "மருந்து அடிக்காத சரக்குன்னு அதுவே வந்து சாட்சி சொல்லுது பாத்தியா" என்றார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கால் கிலோ விற்றது. புழு இருந்த வாளையை மட்டும் வாங்கி ஓடையில் வீசிவிட்டு, வேறொன்று கொடுத்தார். பொய் பேசுவாரே தவிர ஏமாற்றத் தெரியாது.

மகள் எழில்மதிக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வந்து நான்கு வருடம் ஆகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மதி திரும்ப மாட்டாள். நீலத் தட்டில் வைத்தால்தான் சோறு இறங்கும். நெத்திலியைச் சாக்கில் கொட்டிவிட்டால், சின்னது பெரியது என்று வரிசை பிடித்து, ஒரு மீன்கூட நூல் பிசகாமல் மணிக்கணக்கில் அடுக்கிக்கொண்டிருப்பாள். அம்மா என்றோ அப்பா என்றோ பசி என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஸ்பீக்கர் பேசுவது அத்தனையும் சொல்வாள். "கருவாடே" என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும், "சும்மா போம்மா" வரைக்கும் வெண்கலக் குரலில் சொல்லி முடிப்பாள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் வெற்றிவேலுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். தன் மகள் பேசுகிறாள், அதுவும் தன் பேச்சைப் பேசுகிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் நிறையாது?

நடவுக்கும் களைக்கும் அருள்மொழி போகிற நாட்களில் மதியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஊரைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள். தண்ணீரைக் கண்டால் மதி ஓடுவாள். அதனால் வண்டியில் முன்னால் உட்கார்த்தி, துண்டால் கட்டிக்கொண்டு, மலைக்குக் கூட்டிப் போகிறார். நாலு வயதில் அது சரியாக இருந்தது. இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். போன ஐப்பசியில் ஒரு வளைவில் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியிலேயே முடிச்சிலிருந்து உருவிக்கொண்டு குதித்துவிட்டாள். வெற்றிவேல் வண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, ஓரக் கல்லுக்கு இந்தப் பக்கம் அவள் சட்டையைப் பிடித்தார். கருவாடு பாதி ரோட்டில், பாதி பள்ளத்தில். அன்றிரவு அருள்மொழி, "இனிமே புள்ள மல ஏறக் கூடாது" என்று சொன்னார். மறுவாரம் நடவு வந்தது. புள்ள மலை ஏறினாள்.

மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை என்று ஒன்று அரசாங்கம் கொடுப்பது அவர்களுக்குத் தெரியும். அது வந்தால் அருள்மொழி கூலிக்குப் போகாமல் மகளோடு வீட்டில் இருக்கலாம்; மதி அந்தத் துண்டில் தொங்கிக்கொண்டு மலை ஏற வேண்டாம். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் பரிசோதனை வேண்டும். போன தையில் ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். வெற்றிவேல் விடிகாலையில் எழுந்து, வாசனை சோப்பை இரண்டு தடவை போட்டுக் குளித்தார். மதிக்கு இரட்டைச் சடை, கனகாம்பரம், பவுடர், பொங்கலுக்கு எடுத்த பாவாடை. ஒரு வாரமாக "வணக்கம்" சொல்லக் கை கூப்பப் பழக்கியிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர், காலையிலிருந்து நூறு பிள்ளைகளைப் பார்த்துக் களைத்திருந்தார்.

"தானா சாப்பிடுவாளா?"

"அழகா சாப்புடுவாங்க."

"பாத்ரூம் வந்தா சொல்லுவாளா?"

"சொல்லிருவாங்க. புத்திசாலிங்க."

"பேசுவாளா?"

இந்தக் கேள்விக்குத்தான் வெற்றிவேல் காத்திருந்தார். "பேசுவாளாவா? கேளுங்க!" என்று சொல்லி, மகள் பக்கம் குனிந்து, "கருவாடே…" என்று எடுத்துக் கொடுத்தார். மதி ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். டாக்டர் களைப்பு மறந்து சிரித்து, "பொண்ணு நல்லா பேசுதே" என்று எழுதிக்கொண்டார்.

சான்றிதழில் பாதிப்பின் சதவீதம் குறைவாக விழுந்தது. அதைப் பார்த்து வெற்றிவேல் சந்தோஷப்பட்டதுதான் கொடுமை. "நம்ம பாப்பாவுக்கு கம்மிதானாம், டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு" என்று மலையில் வீடு வீடாகச் சொன்னார். வெள்ளிமலை டீக்கடையில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பங்குனியில் கடிதம் வந்தது. பாதிப்பின் அளவு போதாது, மனு நிராகரிக்கப்படுகிறது. காரணமும் தட்டச்சு செய்திருந்தது: கோர்வையாகப் பேசுகிறார், தன் தேவைகளைச் சொல்லக்கூடியவர், தானாக உண்கிறார் எனத் தந்தை தெரிவித்தார்.

"தந்தை தெரிவித்தார்" என்ற இடத்திலேயே அவர் கண் நின்றுவிட்டது. அன்று அவர் மலைக்குப் போகவில்லை. பெட்டியோடு வண்டி வாசலில் நின்றது. தெருப் பூனைகளெல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. "தவள தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. நா கெட்டிருந்தா பரவால்லடி. புள்ளய இல்ல கெடுத்துட்டேன்" என்று அருள்மொழியிடம் சொன்னார்.

வழி சொன்னது இலக்கியா டீச்சர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். புதன்கிழமைகளில் ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்து மதிக்குப் பயிற்சி கொடுப்பவர். கடிதத்தைப் படித்துவிட்டு, மறுபரிசோதனை கேட்டு மேல்முறையீடு செய்யலாம் என்றார். திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் மனு கொடுக்கும் நாள். நேராகச் சந்தையிலிருந்து போன வெற்றிவேலுக்கு வரிசையில் நிற்கிற சிரமம்கூட இருக்கவில்லை. அவர் நின்ற இடத்தைச் சுற்றி ஜனங்கள் தாமாக விலகிக்கொடுத்தார்கள். மனுவை வாங்கியவர் மூக்கைப் பொத்திக்கொண்டே ரசீது கொடுத்தார். நாலு வாரத்தில் போன் வந்தது, மறுபரிசோதனைக்குத் தேதி சொன்னார்கள்.

அதற்குள் டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒரு வாரம், தினமும், மதியால் என்னென்ன முடியவில்லை என்று நோட்டில் எழுத வேண்டும். வெற்றிவேல் எட்டாவது வரை படித்தவர். கையெழுத்து நன்றாக இருக்கும். புதன்கிழமை டீச்சர் நோட்டைப் பிரித்தார். 'திங்கள்: இன்று மதி நெத்திலியை அளவு பார்த்துப் பிரித்தாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. செவ்வாய்: ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.'

"அண்ணா, இதப் படிச்சா உதவித்தொகை குடுக்க மாட்டாங்க. ஆபீஸ்ல வேல குடுத்துருவாங்க" என்றார் டீச்சர்.

"முடியாதது இன்னா இருக்குது டீச்சர், யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன்…" என்று வெற்றிவேல் இழுத்தார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அருள்மொழி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். "காக்காவுக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதுக்குன்னு பொன்னுன்னு சொல்லி அடகு வெக்க முடியுமா? எழுதுய்யா, நா சொல்றேன்."

வெற்றிவேல் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டதும் அருள்மொழி சொல்லத் தொடங்கினார். "பேரச் சொல்லிக் கூப்டா திரும்ப மாட்டா. எழுது. ஒண்ணுக்கு வந்தா சொல்ல மாட்டா, மூஞ்சியப் பாத்து நாமதான் கண்டுபுடிக்கணும். எழுது. நீலத் தட்டு இல்லன்னா ரெண்டு நாளானாலும் பட்டினி கெடப்பா."

"ரீபிலு தீந்துபோச்சு" என்றார் வெற்றிவேல்.

அருள்மொழி உள்ளே போய் வேறு பேனா கொண்டுவந்து கையில் கொடுத்தார். மதி அதே அறையில்தான், சுவரோரம் சாக்கில் நெத்திலி அடுக்கிக்கொண்டிருந்தாள். வெற்றிவேல் குரலைத் தாழ்த்தி, "மெதுவா சொல்லு அருளு, அவ இருக்கா" என்றார்.

"அவளுக்கு இன்னா தெரியப்போவுது" என்று அருள்மொழி சொல்லத்தான் சொன்னார். ஆனால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டுதான் மீதியைச் சொன்னார். வெற்றிவேலும் தாளோடு பின்னாலேயே போனார். அருள்மொழி தண்ணீரைப் பற்றிச் சொன்னார். துணி உறுத்தினால் நடுரோட்டிலேயே அவிழ்த்துப் போட்டுவிடுவதைச் சொன்னார். கடைசியாக, "சூடு பட்டா அழத் தெரியாது" என்றார். போன வருடம் எக்ஸெல்லின் சைலன்சர் மதியின் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. மதியத்தில் எப்போதோ நடந்திருக்க வேண்டும். சாயங்காலம் குளிப்பாட்டும்போதுதான் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தார்கள். அதுவரை அவள் ஒரு முனகல்கூட முனகவில்லை; அதே காலோடு வெயிலில் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து நாலு கிராமம் சுற்றியிருந்தாள். அன்று வெற்றிவேல் சாப்பிடவில்லை. இப்போது அந்த வரியை எழுத அவருக்கு வெகுநேரம் ஆனது. தாளின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது.

பேச்சு விஷயத்துக்கும் டீச்சரே யோசனை சொன்னார். மதி அந்தக் கூவலைச் சொல்லும்போதெல்லாம், நன்றாக இருக்கிற தொண்டையோடு நடுவில் ஒருமுறை இருமுவதை அவர் ரொம்ப நாளாகக் கவனித்துவந்தார். "போறப்ப வண்டி ஸ்பீக்கரக் கழட்டி எடுத்துக்கினு போங்கண்ணா" என்றார்.

மறுபரிசோதனை நாளன்று பவுடரும் இல்லை, கனகாம்பரமும் இல்லை. மதி வழக்கமாகப் போடும் சட்டையில் வந்தாள். பிள்ளையோடு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். மதி அப்பாவின் துண்டு நுனியை விடாமல் பிடித்திருந்ததால் வெற்றிவேல்தான் போக வேண்டியிருந்தது. அருள்மொழி அந்தத் தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை தட்டினார். "வாயத் தொறந்து பெரும பேசாத. இதப் படி. போதும்."

உள்ளே இருந்த டாக்டரம்மா அவசரப்படவில்லை. "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். மதி மின்விசிறியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில என்ன சாப்ட்ட?" நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக என்னவோ கேட்க ஆரம்பித்தபோது மதி தானாகவே தொடங்கினாள். "கருவாடே… கருவாடு! நெத்திலி, வாளை, காரப்பொடி…" அறை அதிர்ந்தது. "புடிக்கலன்னா…" என்றவள் இருமி, "சும்மா போம்மா!" என்று முடித்தாள்.

"சளி பிடிச்சிருக்கா?"

"இல்லீங்க மேடம்." வெற்றிவேல் மடியிலிருந்த ஸ்பீக்கரை மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார். அவர் குரல் கூவியது. 'புடிக்கலன்னா' என்று சொல்லி இருமியது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ போடுங்க" என்றார். இந்தத் தடவை மதியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு குரலும் ஒன்றாகவே போய், அந்த இடம் வந்ததும் இரண்டு இருமலும் ஒரே நேரத்தில் விழுந்தன.

வெற்றிவேல் தலை குனிந்துகொண்டார். இத்தனை வருடமாக மகள் தன்னோடு பேசுகிறாள் என்று நினைத்திருந்தார். அது பேச்சில்லை என்று இப்போது அவரே தன் கையால் பொத்தானை அழுத்திக் காட்டியாயிற்று.

"இத விட்டா வேற ஏதாவது பேசுவாளா? பசின்னா சொல்லுவாளா? வலின்னா?" டாக்டரம்மா மெதுவாகத்தான் கேட்டார். "அவளால என்னென்ன முடியாதுன்னு நீங்க சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

'சொல்லுவாங்க' என்ற சொல் பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்தது. வெற்றிவேல் அதை விழுங்கினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தாள் இருந்தது. தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்தார். பிறகு தாளை எடுக்காமல், இரண்டு கைகளையும் தூக்கி அவள் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

"ஏன், சத்தம் எதுவும் இல்லையே?"

"சத்தத்துக்கு இல்லீங்க. இப்ப சொல்லப்போறது அவளப் பத்துனதுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நாம பேசுறது அவளுக்குப் புரியுமா?"

புரியாது என்று சொன்னால் சதவீதம் ஏறும். அவ்வளவு விவரம் இப்போது வெற்றிவேலுக்கு வந்திருந்தது. வெளியே அருள்மொழி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரியும். நாளைக்கு மறுநாள் நடவு இருப்பதும் தெரியும்.

"தெரியலீங்க மேடம்" என்றார். "புரிஞ்சிட்டா இன்னா பண்றதுங்க?"

கையை எடுக்க மனமில்லை. நெஞ்சை மட்டும் மேசைப் பக்கம் கொஞ்சம் தள்ளிக் காட்டினார். "பாக்கெட்ல எல்லாம் எழுதி வெச்சிருக்குதுங்க. நீங்களே எடுத்துக்கங்க. வாய்விட்டு மட்டும் படிக்க வேணாங்க."

டாக்டரம்மா எழுந்து, மேசைமேல் சாய்ந்து, கருவாட்டு வாசனை அடித்த அந்தப் பையிலிருந்து தாளை எடுத்தார். உதடு அசையாமல் படித்தார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பினார். படித்து முடித்துத் தாளை மடித்து வைத்த பிறகும், பஸ்ஸின் புகை கலையக் காத்திருப்பவரைப் போல, வெற்றிவேல் மகளின் காதுகளைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தார்.